ஒரு முறை அலசினால் போதும்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவளுடைய எடை தெரியும். சேர்ந்த புதிதில், வீட்டுக் குளியலறையில் கிடந்த எடை மெஷினைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். வாரத்துக்கு எவ்வளவு பிளாஸ்டிக்கைக் குப்பையில் கொட்டுகிறோம் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம். மூட்டையை மெஷின் மேல் வைத்தால் எண் தெரிகிற இடத்தை மூட்டையே மறைத்துக்கொண்டது. சரியென்று மூட்டையைக் கைப்பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு தானே ஏறி நின்றாள். பிறகு கழித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று தன் எடையைச் சுவர்ப்பலகையில் பெரிதாக எழுதி வைத்தாள். அறிவியல் மூளை அப்படித்தான் வேலை செய்யும். சாயங்காலத்துக்குள் அந்த எண் கட்டடத்தின் எல்லா மாடிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. குப்பை எவ்வளவு இருந்தது என்பது ஒருவருக்கும் நினைவில்லை. 'குப்பையக்கா' என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவள் அம்மா மெஷினைத் தேடி அலுத்துப்போய், திருடன் வந்து எடை பார்க்கிற ஆசையை மட்டும் தீர்த்துக்கொண்டு போனானா என்று மருமகனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். மருமகன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். வீட்டிலிருந்து எது காணாமல் போனாலும் அது ஆராய்ச்சிக்குப் போயிருக்கும் என்பது அவனுக்குப் பழகிவிட்டது. இட்லித் தட்டு ஒன்றும் துணி காயப்போடும் கிளிப்புகளும் ஏற்கனவே அந்த வழியாகத்தான் போயிருந்தன.

அவள் முனைவர் பட்டம் வாங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலை என்று சொல்லிக்கொண்டாலும் ஒப்பந்தம்தான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் குடியிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தமே அதைவிட நீளம். இது அம்மாவுக்குப் புரியவே இல்லை. பட்டம் வாங்குவதற்கு முன்பு 'எப்போ முடிப்பே' என்று கேட்டுக்கொண்டிருந்தவள், வாங்கிய பிறகு 'எப்போ ஆரம்பிப்பே' என்று கேட்டாள். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கிருமி வேலை" என்று சுருக்கமாகச் சொல்லிவைப்பாள். அதிலிருந்து அந்தக் குடியிருப்பில் அவளோடு சேர்ந்து யாரும் லிஃப்டில் ஏறுவதில்லை. அடுத்த லிஃப்டில் வருகிறோம் என்பார்கள். கட்டடத்தில் இருப்பதே ஒரு லிஃப்ட்.

கிருமி வேலை என்றது பொய்யில்லை. ஈரமான இடத்தில் கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களுக்கு மேலே ஒரு வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொள்ளும். தண்ணீர்க் குழாய்க்குள்ளும் இருக்கும், நோயாளிக்குச் செருகுகிற குழாய்க்குள்ளும் இருக்கும். போர்வைக்குள் போய்விட்டால் மருந்து கிட்டே நெருங்க முடியாது. ஈரச் சுவரில் படர்கிற ஒரு பாசியின் சாறு அந்தப் படலம் பிடிக்காமல் தடுக்குமா என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவள் பார்த்தாள். பாசி தடுக்கவில்லை. மறுபடி பார்த்தாள். பாசிக்கு அதில் கொஞ்சமும் அக்கறை இல்லை. கிருமிகள் பாசிச்சாற்றில் சொகுசாகக் குடியேறிப் பெருகின.

தன் ஆராய்ச்சி நகராதபோது பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது எல்லா உத்தியோகத்திலும் உள்ளதுதான். அவள் அதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்தாள். வாயு உறிஞ்சும் கண்ணாடி மேடைகளின் கதவை யாராவது திறந்தபடி விட்டுப் போனால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவள் போல வந்து இழுத்து மூடுவாள். திறந்து கிடக்கும் ஒரு கதவு ஒரு வீட்டுக்கு ஆகிற மின்சாரத்தைத் தின்கிறது என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்வாள். ஃப்ரீசர்களின் உள்ளே பனி சுரண்டினாள். சுரண்டியபோது, எப்போதோ ஓய்வுபெற்றுப் போனவர் விட்டுச்சென்ற சாப்பாட்டு டப்பா ஒன்று கிடைத்தது. அதில் என்ன இருந்தது என்று ஆராய யாரும் முன்வரவில்லை, இத்தனைக்கும் அந்தக் கட்டடம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள்.

பிறகு பிளாஸ்டிக். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிகிற குழாய்களைத்தான் அங்கே எல்லோரும் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாமான் அறையின் மூலையில், முந்தின தலைமுறை கழுவிக் கழுவிப் பயன்படுத்திய கண்ணாடிக் குழாய்கள் தூசியோடு கிடந்தன. அவற்றைத் தூக்கி வந்தாள். இனி அவரவர் கழுவிக்கொள்வது என்று ஆய்வுக்கூடத் தலைவியிடம் சம்மதமும் வாங்கிவிட்டாள். தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் சிரித்துப் பார்த்தவர்கள் உண்டு என்று ஒரு பேச்சு இருந்தது, நேரில் பார்த்த சாட்சி கிடைக்கவில்லை. அவர் சம்மதித்தது சுற்றுச்சூழலுக்காக அல்ல. இந்தப் பெண் தினம் வந்து வாசலில் நிற்பது நின்றால் போதும் என்றுதான்.

கழுவுவது என்று வந்ததும் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. சோப்பு நீரில் ஊறவைத்து, தேய்த்து, மூன்று முறை அலச வேண்டும் என்று பழைய முறை. கடைசி அலசல் வடித்தெடுத்த நீரில். அந்த நீரை வடிக்கிற மெஷின் ஒரு குடுவைக்கு ஒரு வாளித் தண்ணீரைச் சாக்கடையில் விடும். பிளாஸ்டிக்கை மிச்சம் பிடித்துத் தண்ணீரைக் கொட்டுவதா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. சிங்க்குக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டினாள்: 'ஒரு முறை அலசினால் போதும். தண்ணீர் உங்கள் தாத்தா சொத்து அல்ல.' மறுநாள் அதற்குக் கீழே யாரோ பேனாவால், 'என் தாத்தா குளிக்கவே மாட்டார்' என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க அவள் எடுத்த முயற்சி ஆராய்ச்சிக்கு எடுத்த முயற்சிக்குக் குறைந்ததல்ல.

இதற்குப் பிறகுதான் பாசி வேலை செய்ய ஆரம்பித்தது.

முதலில் அவள் நம்பவில்லை. பாசிச்சாறு விட்ட குழாய்களில் படலமே இல்லை, கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. சாறு விடாத குழாய்களில் வழக்கம்போலக் கொழகொழவென்று பிடித்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. எல்லாக் குழாயும் ஒரே மாதிரி கழுவியவை, ஒரே கிருமி, ஒரே சூடு, சாறு மட்டும்தான் வித்தியாசம். திரும்பச் செய்தாள். திரும்பவும் அதே. மேடம் தன் அறையிலிருந்து எழுந்து வந்து குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தோளை அவள் வீட்டுக்குப் போய்க் கணவனுக்குக் காட்டினாள்.

கட்டுரை எழுத ஆரம்பித்தார்கள். நேரமும் அமைந்து வந்தது, ஏனென்றால் அவளுடைய ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். ஒப்பந்தங்களை முடிவு செய்கிற குழுவில் பலருக்கு இந்த முறை புதுப்பிக்க விருப்பமில்லை என்று மேடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். குப்பையை எடை போட்டதைத் தவிர இந்தப் பெண் என்ன செய்தாள் என்று ஒருவர் கேட்டாராம். கட்டுரை திங்கட்கிழமை அனுப்பப்பட்டுவிட்டால் அதை வைத்துக் குழுவோடு சண்டை போடலாம். இல்லாவிட்டால் சண்டை போட ஆயுதமே இல்லை. இதுவும் போனால் அந்த ஊரில் அவள் படிப்புக்கு வேறு வேலை கிடையாது. கணவன், தன் டிரைவிங் ஸ்கூலில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று ஒரு நாள் தற்செயலாகச் சொல்வது போலச் சொன்னான். அது தற்செயல் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வாரச் சனிக்கிழமை பொது நூலகத்தின் கூடத்தில் அவள் பேசுவதாகவும் ஏற்பாடாகியிருந்தது. இளம் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வேலையை ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நிறுவனத்துக்கு ஒரு ஆசை. மற்ற இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒன்று வயிற்றுவலி, அல்லது அன்றைக்குப் பார்த்து உறவில் கல்யாணம். இவள்தான் கேட்டதும் ஒப்புக்கொண்டவள். அழைப்பிலேயே பெருமையாக அச்சடித்துவிட்டார்கள்: 'தூக்கி எறிவதை நிறுத்தினோம், கழுவிப் பயன்படுத்தினோம், ஆராய்ச்சிக்கு ஒரு குறையும் வரவில்லை.' அம்மா அந்த அழைப்பைக் குடியிருப்பில் வீடு வீடாகக் கொடுத்து, கிருமி எதுவும் கொண்டுவர மாட்டாள் என்று உத்தரவாதமும் கொடுத்திருந்தாள்.

எல்லாம் நன்றாக இருந்தது, ஒட்டகத்தைத் தவிர.

ஒட்டகம் என்பது நீளக் கழுத்தும் அவசரமில்லாத நடையுமாக அவளுக்கு அடுத்த மேசையில் வேலை பார்க்கிறவன். அவளுக்கு ஒரு வருடம் கழித்துச் சேர்ந்தவன், அவனும் ஒப்பந்தம்தான். ஒருவர் கண்டுபிடித்ததை ஆய்வுக்கூடத்தில் வேறொருவர் தனியாகச் செய்து காட்டினால்தான் கட்டுரை வெளியே போகும் என்பது மேடத்தின் சட்டம். அந்தப் பொறுப்பு ஒட்டகத்தின் தலையில் விழுந்தது. அவன் கையில் பாசி வேலை செய்யவில்லை. மறுபடியும் செய்யவில்லை. அவன் குழாய்களில் படலம், கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி ஜோராகப் பிடித்தது.

அவள் அவனைச் சும்மா விடவில்லை. பக்கத்தில் நின்று சொட்டு அளந்து விடுகிற பிப்பெட்டை அவன் பிடிக்கிற விரலைப் பார்த்தாள், மூச்சு விடுவதைப் பார்த்தாள். எருமைக்கு ஊசி போடுகிறவன் மாதிரி அழுத்தாதே என்றாள். தாய்ப்பால் குடித்தாயா, பாசிச்சாறு குடித்தாயா என்று கேட்டாள். அவன் எதற்கும் கோபித்துக்கொள்ளாமல் கழுத்தைச் சொறிந்துகொண்டு, சரிக்கா, சரிக்கா என்றான். இந்த வாரமும் வராவிட்டால் உன்னை வேறு வேலைக்கு மாற்றிவிடுவேன் என்று மேடம் அவனிடம் சொல்லியிருந்தார். வேறு வேலை என்றால் கீழ்மாடியில் எலிகளைப் பார்த்துக்கொள்வது. ஒட்டகத்துக்கு எலி என்றால் பயம்.

வியாழக்கிழமை அவள் ஒரு முடிவோடு வந்தாள். அவனை உட்காரவைத்துவிட்டு, நான் செய்கிறேன், வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார் என்றாள். அவளுடைய குழாய்கள் எல்லாம் உபயோகத்தில் இருந்தன. ஆகவே அவன் கழுவிக் காயவைத்திருந்த வரிசையிலிருந்து குழாய்களை எடுத்துக்கொண்டாள். கிருமி விட்டாள், சாறு விட்டாள், ஒவ்வொன்றையும் ஏதோ சமையல் போட்டிக்கு வந்தவள் மாதிரி விளக்கிக்கொண்டே செய்தாள். சூட்டறைக்குள் வைத்துவிட்டு, நாளைக்குப் பார், கை என்றால் என்ன என்று தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை எடுத்துப் பார்த்தால் எல்லாக் குழாயிலும் படலம்.

ஒட்டகம் முகத்தில் சந்தோஷம் எட்டிப்பார்த்தது, உடனே அதை அவன் அடக்கிக்கொண்டதும் தெரிந்தது. அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிருமி அதுவே, சாறு அதுவே, கை இவளுடையது. மிச்சம் இருந்தது குழாய்தான். இதை என்ன செய்து வைத்தாய் என்று கேட்டாள். அவன் ஒன்றுமில்லையே என்றான். ஒன்றுமில்லை என்று சொன்ன விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. திட்டக் கூடாது என்று முதலில் வாக்குறுதி கேட்டான். அவள் கொடுத்தாள்.

"நான் மூணு தரம் அலசுவேன்க்கா. நீங்க கேன்டீன் போனப்புறம்."

"எத்தனை நாளா?"

"நீங்க அந்தப் பேப்பர் ஒட்டின நாள்லேர்ந்து. ஒரு தரம் அலசினா வழவழன்னு இருக்கு, எனக்கு மனசு ஒப்பல. கடைசித் தரம் வெந்நீர்."

கொடுத்த வாக்கை அவளால் காப்பாற்ற முடியவில்லை. அவள் முதலில் திட்டியது தண்ணீருக்காகத்தான். எத்தனை வாளி, எத்தனை வெந்நீர், யார் வீட்டுக் கரண்ட், நான் ஒருத்தி இங்கே நாய் மாதிரிக் கத்திக்கொண்டிருக்கிறேன், நீ முதுகுக்குப் பின்னால் சிகரெட் பிடிக்கிறவன் மாதிரி அலசிக்கொண்டிருக்கிறாயா, உனக்கெல்லாம் சோப்பு போகிறதா இல்லையா என்பதா கவலை, ஒரு முறை அலசினால் சோப்பு அப்படி எவ்வளவு ஒட்டிக்கொண்டு...

அந்த இடத்தில் வாக்கியம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. ஒட்டகம், மேற்கொண்டு திட்டு வரும் என்று தலையைக் குனிந்தபடியே காத்திருந்தான். வராததால் நிமிர்ந்து பார்த்தான். பேயறைந்தது போல நின்றிருந்தவளைப் பார்த்து, தண்ணி வேணுமாக்கா என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று விழித்தான்.

அன்று அவள் குழாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தாள். ஒரு கூட்டத்தை ஒரு முறை அலசினாள். இன்னொன்றை ஒட்டகத்தை விட்டு, அவன் திருட்டுத்தனமாக அலசுவது போலவே, பகிரங்கமாக அலசச் சொன்னாள். பிரிக்காத பெட்டியிலிருந்து புதுப் பிளாஸ்டிக்கும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் பாதிக்குச் சாறு, பாதிக்கு வெறும் கிருமி. இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒட்டகம் ஒரு முறை மட்டும், நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சோப்பு மட்டும் ஒட்டியிருந்த குழாயில் படலம் பிடித்திருந்தது. சாறு மட்டும் இருந்த குழாயிலும் பிடித்திருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பிடிக்கவில்லை. சோப்பு போய்க் கிருமியின் தோலைக் கிழித்துக் கதவைத் திறந்துவிட்டது, பாசி பின்னாலேயே நுழைந்துவிட்டது. சோப்பு அப்படிச் செய்யும் என்பது முதல் வருடப் பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி. இத்தனை மாதம் அவள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது சிங்க்குக்கு மேலே தான் ஒட்டிய காகிதத்தை.

மேடத்துக்குப் போன் செய்தாள். முழுவதையும் சொன்னாள். பிறகு, வேறு யாருக்குத் தெரியும் என்று ஒரே கேள்வி. ஒட்டகத்துக்கு என்றாள். கட்டுரை திங்கட்கிழமை போகாது என்றார் மேடம், அதில் அவர் யோசிக்கவே இல்லை. குழுவிடம் என்ன சொல்வது என்று தான் யோசிக்க வேண்டும், அதுவரைக்கும் வெளியே மூச்சு விடாதே என்றார்.

"இன்னிக்குக் குப்பையைப் பத்தி மட்டும் பேசு. கழுவினோம், நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். பாசின்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் சொன்னாள். கணவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, அந்தம்மா சொல்வது சரிதான் என்றான். சடன் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் வந்து இடிப்பான், மெதுவாக ஓரம் கட்டி நிறுத்து, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்றான். வேலை போனால் என்ன ஆகும் என்பதை அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. பொய் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லையே, ஒன்றைச் சொல்லாமல் விடுகிறாய், அவ்வளவுதானே என்றான். அவளுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் குப்பையைப் பற்றி மட்டும் பேசினாலும், ஆராய்ச்சிக்கு ஒரு குறையும் வரவில்லை என்ற வரியைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்த வரிதான் பொய்.

அவளுடைய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"சோப்பு போட்டா கிருமி சாகும்னு கண்டுபிடிக்கவா இத்தனை வருஷம் படிச்சே? என்னைக் கேட்டிருந்தா எட்டாங்கிளாஸோட நிறுத்தியிருக்கலாம்."

கணவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் புரையேறி இருமினான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அம்மா அதைக் கவனிக்காத மாதிரி, முந்தானையில் ஒரு சுருக்கத்தை அழுத்தித் தேய்த்தாள். பிறகு, குடியிருப்பிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள், அழுத மூஞ்சியோடு வந்து மானத்தை வாங்காதே என்றாள்.

நூலகக் கூடத்தில் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. முன்வரிசை நடுவில், ஊரில் நடக்கிற எல்லா இலவசக் கூட்டத்துக்கும் வருகிற ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், டீ எப்போது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒட்டகம் ஒரு ஓரமாகக் குப்பை மூட்டையோடு நின்றிருந்தான். அதைத் தூக்கிக் காட்டுவது அவன் வேலை. கடைசி வரிசையில் மேடம், கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு.

அவள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். மூட்டையை ஒட்டகம் தூக்கிக் காட்டினான், இது ஒரு ஆள் ஒரு வாரத்தில் எறிகிற பிளாஸ்டிக் என்றாள், கூடம் உச்சுக்கொட்டியது. ஃப்ரீசரில் கிடைத்த சாப்பாட்டு டப்பாவைப் பற்றிச் சொன்னாள், சிரித்தார்கள். கண்ணாடிக் குழாய்க்கு மாறியதைச் சொன்னாள். அடுத்த படம் திரையில் வந்தது. ஒரு குறையும் வரவில்லை என்ற வரி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரத்துக்கு. அதைப் படிக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தப்பு. வந்துச்சு. இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது."

சொல்ல ஆரம்பித்ததும் எளிதாகத்தான் இருந்தது. பாசியைச் சொன்னாள், படலத்தைச் சொன்னாள், தாத்தா சொத்து என்று தான் ஒட்டிய காகிதத்தைச் சொன்னாள், அதற்குக் கீழே எழுதப்பட்ட பதிலையும் சொன்னாள். ஓரத்தில் நின்ற ஒட்டகம் சட்டென்று மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டதில், எழுதிய ஆள் யார் என்ற பழைய வழக்கும் அங்கேயே தீர்ந்தது. அவனை எப்படியெல்லாம் திட்டினாள் என்பதையும், அவன் ஒளிந்து ஒளிந்து அலசியதையும் சொன்னபோது கூடம் அடங்காமல் சிரித்தது. அது அவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் இதுவரைக்கும் எந்தக் கூட்டத்திலும் ஒருவர்கூட அவள் பேச்சைக் கேட்டு நாற்காலியின் நுனிக்கு வந்ததில்லை.

முன்வரிசைப் பெரியவர் கையைத் தூக்கி, கடைசியில் கழுவலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள் என்றார். கழுவலாம் என்றாள். மூன்று முறை அலசிய கண்ணாடியும் புதுப் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி இருந்ததைக் காலையில் பார்த்தாயிற்று, தண்ணீர் கொஞ்சம் கூடத்தான் ஆகும், நான்தான் மிச்சம் பிடிக்கிற வெறியில் அறிவைத் தொலைத்துவிட்டேன் என்றாள். பெரியவர் திருப்தியாக உட்கார்ந்தார். அவளுடைய குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண், லிஃப்டில் ஏறாதவர்களில் முக்கியமானவள், உட்கார்ந்தபடியே சத்தமாகக் கேட்டாள்.

"இதுக்காக உங்களை வேலையை விட்டு எடுத்துட மாட்டாங்களா?"

"தெரியலைங்க. முடிவு பண்றவங்க கடைசி வரிசைல இருக்காங்க. கேட்டுப் பாருங்க."

மொத்தக் கூடமும் நாற்காலி கிரீச்சிடத் திரும்பியது. அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வார்த்தை திட்டம் போட்டு வந்ததில்லை. மேடம் மெதுவாக எழுந்தார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். கட்டுரையை நிறுத்திவிட்டோம் என்றார் மேடம், மற்றதைக் குழு முடிவு செய்யும், எனக்குத் தனியாக அதிகாரம் இல்லை. உட்காரப் போனவர் நின்று, ஆனால் என் ஆய்வுக்கூடத்தில் தப்பு நடந்ததை வெளியாள் வந்து கண்டுபிடிக்கவில்லை, நாங்களே கண்டுபிடித்தோம் என்று சேர்த்துக்கொண்டார். பெரியவர் கைதட்டினார். டீ வந்தது.

திங்கட்கிழமை மேடம் கதவைச் சாத்திக்கொண்டு அவளை நிறுத்திவைத்துத் திட்டினார். தப்புக்காக அல்ல, அதைச் சொன்னதற்காகவும் அல்ல. மொத்தக் கூடத்தையும் திருப்பித் தன் முகத்தைப் பார்க்கவைத்ததற்கு. பெற்ற பிள்ளைகூட என்னை அப்படி மாட்டிவிட்டதில்லை என்றார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே ஒட்டகம், காதைக் கொடுத்தபடி, அழுக்கே இல்லாத கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

குழு இரண்டு வாரம் இழுத்தது. கேட்ட வருடத்தைக் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கொடுத்தார்கள். அதில் பாதி நேரம் ஆராய்ச்சி, மீதி நேரம் எல்லா மாடிகளிலும் இந்தக் கழுவுகிற முறையை ஒழுங்குபடுத்துவது. அந்தக் கழுவுகிற பாதியை ஏற்றுக்கொள்ள வேறு யாரும் இல்லை என்பதுதான் அவளுக்குக் கிடைத்த ஆயுதம். பாசி ஆராய்ச்சி அத்தோடு சரி. கழுவிய குழாய் எப்படி ஏமாற்றும் என்று ஒரு சின்னக் கட்டுரை எழுத வேண்டும் என்றார் மேடம். மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு உபயோகமாக இருக்கும், பெரிதாக யாரும் கொண்டாட மாட்டார்கள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கட்டுரையில் முதல் பெயர் ஒட்டகத்துடையது என்றார். சரியாக அலசியவன் அவன்தானே.

ஆறு மாதத்தைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்கத்தான் மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. நியாயம் என்று தெரிந்தது, அதனால் இன்னும் எரிந்தது. பிறகு எழுந்து போய் அவனிடம் சொன்னாள். ஒட்டகம் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கழுத்தை இன்னும் நீட்டிக்கொண்டு, கவலையாகச் சிங்க்கைப் பார்த்தான்.

"வேணாம்க்கா, உங்க பேரே முதல்ல இருக்கட்டும். எங்க வீட்டுல படிச்சுட்டு, நீ என்னடா பண்ணேன்னு கேப்பாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

"ஒருத்தி பேச்சைக் கேக்காம இருந்தேன்னு சொல்லு" என்றாள் அவள். "தள்ளு, அந்தக் குழாயை எடு. எழுதறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும்."